தென்முனை ஆப்பிரிக்கா: வரப்போகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

பிரிட்டோரியாவில் குடியிருக்கிறேன். ஊரிலிருந்து இந்தப் பக்கம் சுற்றிப்பார்க்க வரும் சொந்தக்காரர்கள், நண்பர்கள், நண்பர்களின் நண்பர்கள் என்று என் வாட்ஸாப் எண் கைமாறிக்கொண்டே இருக்கிறது. ஆட்கள்தான் வேறு வேறு, சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். கட்டணங்களை எழுதவில்லை, அவை ஆண்டுதோறும் மாறும். மேலிருந்து கீழே வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பி நிற்கின்றன.

அக்கா, சவுத் ஆப்பிரிக்கான்னா ஒரு நாடா, இல்ல அந்தப் பக்கம் மொத்தமுமா?

தென்னாப்பிரிக்கா ஒரு தனி நாடு. அதைச் சுற்றி நமீபியா, போட்ஸ்வானா, ஜிம்பாப்வே, மொசாம்பிக், எஸ்வாட்டினி ஆகியவை இருக்கின்றன. லெசோத்தோ முழுக்க முழுக்க தென்னாப்பிரிக்காவுக்கு உள்ளேயே இருக்கிறது. க்ரூகர் என்னும் பெரிய வனவிலங்குப் பூங்காவும் கேப் டவுனும் தென்னாப்பிரிக்காவில். விக்டோரியா அருவி ஜிம்பாப்வே, ஜாம்பியா எல்லையில். ஒகவாங்கோ ஆற்று டெல்டா போட்ஸ்வானாவில். சிவப்பு மணல் குன்றுகள் நமீபியாவில். படங்களில் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதுபோல் தெரியும். நடுவில் இருக்கும் தூரம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர்.

எந்த மாசம் வரலாம்? நமக்கு மே மாசம்தான் ஸ்கூல் லீவு.

மே மாதம் தாராளமாக வரலாம். இங்கே பருவங்கள் தலைகீழ். ஜூன், ஜூலை குளிர்காலம், டிசம்பர், ஜனவரி கோடைகாலம். க்ரூகர் பக்கம் மழை நவம்பர் முதல் மார்ச் வரை. மே மாதத்தில் மழை நின்று, புல் காயத் தொடங்கியிருக்கும். ஆகஸ்ட், செப்டம்பரில் மரங்கள் இலை உதிர்த்து, குட்டைகள் வற்றி, மிச்சமிருக்கும் தண்ணீரைத் தேடி விலங்குகள் வந்துவிடும். பார்ப்பதற்கு மிகச் சுலபமான காலம் அதுதான். அக்டோபரில் வெயில் 40 டிகிரியைத் தொடும்.

மழைக்காலம் வீண் என்று நினைக்க வேண்டாம். இம்பாலா மான்கள் நவம்பர், டிசம்பரில் குட்டி போடும். வடக்கிலிருந்து வலசைப் பறவைகள் வந்திருக்கும். காடு பச்சைப் பசேலென்று இருக்கும். புதர் அடர்ந்திருப்பதால் விலங்கைக் கண்டுபிடிக்கத்தான் பொறுமை வேண்டும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். கேப் டவுன் இதற்கு நேர் எதிர். அங்கே மே முதல் ஆகஸ்ட் வரைதான் மழை. இரண்டும் ஒரே பயணத்தில் வேண்டும் என்றால் செப்டம்பர் எனக்குப் பிடித்த மாதம். காட்டில் விலங்கும் தெரியும், மேற்குக் கரையோரம் நமக்குவாலாந்தில் காட்டுப்பூக்களும் பூத்திருக்கும்.

பத்து நாள் இருக்கு. க்ரூகர், கேப் டவுன், விக்டோரியா ஃபால்ஸ், நமீபியா எல்லாம் கவர் பண்ணிடலாமா?

வேண்டாம். பத்து நாளில் பாதி ஏர்போர்ட்டிலேயே போய்விடும். க்ரூகரில் ஐந்து நாள், கேப் டவுனில் நான்கு நாள், நடுவில் ஒரு நாள் பயணம். இதுவே ஓட்டம்தான். காட்டுக்குக் குறைந்தது நான்கு இரவு ஒதுக்குங்கள். முதல் நாள் கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது. புதருக்குள் பார்க்கக் கண் பழகவே ஒரு நாள் ஆகும். மூன்றாம் நாளிலிருந்துதான் காதும் வேலை செய்ய ஆரம்பிக்கும். ஒரே இரவு தங்கிவிட்டு, 'பெருசா ஒண்ணும் இல்லையே' என்று திரும்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

விசா, தடுப்பூசி எல்லாம் என்ன வேணும்?

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு தென்னாப்பிரிக்க விசா தேவை. விதிமுறைகள் மாறிக்கொண்டே இருப்பதால் தூதரகத்தின் இணையதளத்தையே பாருங்கள். பாஸ்போர்ட்டில் குறைந்தது இரண்டு பக்கங்கள் காலியாக இருக்கட்டும். பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. தென்னாப்பிரிக்காவில் இறங்கி, விக்டோரியா அருவியையோ போட்ஸ்வானாவையோ பார்த்துவிட்டுத் திரும்ப ஜோகன்னஸ்பர்க் வந்து விமானம் ஏறுவதாக இருந்தால், ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிக்கும் விசா போதாது. விண்ணப்பிக்கும்போதே பலமுறை நுழையும் விசாவாகக் கேளுங்கள். குழந்தைகள் வந்தால் பிறப்புச் சான்றிதழும் கையில் இருக்கட்டும்.

மஞ்சள் காய்ச்சல் சான்றிதழ் இந்தியாவிலிருந்து நேராக வருகிறவர்களுக்குத் தேவையில்லை. அடிஸ் அபாபா, நைரோபி வழியாக வந்து அங்கே 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தால் கேட்பார்கள். திரும்பும்போது இந்தியாவிலும் கேட்கலாம். அந்த வழியில் டிக்கெட் போடுவதற்கு முன்பே இதை விசாரித்துவிடுங்கள்.

மலேரியா இருக்குன்னு சொல்றாங்க. மூணு வயசுக் குழந்தையைக் கூட்டிட்டு வரலாமா?

க்ரூகர் மலேரியா உள்ள பகுதிதான், ஆனால் ஆபத்து குறைவு. மழைக்காலத்தை ஒட்டிய மாதங்களில் கூடும், குளிர்காலத்தில் நன்றாகக் குறையும். மாத்திரை போடலாமா, எந்த மாத்திரை, குழந்தைக்கு எவ்வளவு என்பதையெல்லாம் கிளம்புவதற்குச் சில வாரம் முன்பே டாக்டரிடம் கேளுங்கள். மாலையானால் முழுக்கைச் சட்டையும் கொசு விரட்டும் களிம்பும் கட்டாயம். ஊர் திரும்பிச் சில வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால், மலேரியா உள்ள இடத்துக்குப் போய்வந்ததை டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

மனசு ஒப்பவில்லை என்றால் மலேரியாவே இல்லாத காடுகளும் உண்டு. ஜோகன்னஸ்பர்க்குக்குப் பக்கத்தில் பிலானஸ்பெர்க், போட்ஸ்வானா எல்லையோரம் மாடிக்வே, தெற்கே கடலோரப் பக்கம் அட்டோ யானைப் பூங்கா. சின்னக் குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது பிலானஸ்பெர்க்தான். பயண நேரமும் மிச்சம்.

நாமளே கார் ஓட்டிட்டு காட்டுக்குள்ள போலாம்னு சொல்றீங்களே, நிஜமாவா? சிங்கம் வந்தா என்ன பண்றது?

நிஜம்தான். க்ரூகரின் பரப்பு கிட்டத்தட்ட 20,000 சதுர கிலோமீட்டர். முக்கியச் சாலைகள் தார்ச் சாலைகள். வாடகைக்கு எடுத்த சின்னக் காரிலேயே போகலாம், ஜீப் தேவையில்லை. இங்கேயும் இடதுபக்கம்தான் ஓட்ட வேண்டும். நம் ஓட்டுநர் உரிமத்தோடு ஆர்டிஓ அலுவலகத்தில் தரும் சர்வதேச அனுமதியையும் வாங்கி வந்தால் கார் கொடுக்கும் இடத்தில் பேச்சே இருக்காது.

விதிகள் சில. தார்ச் சாலையில் 50, மண் சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது. வேகத்தை அளக்கும் கருவியோடு ஆள் நிற்பார், அபராதம் உண்டு. பூங்காவுக்குள் வேலி போட்ட தங்குமிடங்களை முகாம் என்பார்கள். முகாம் கேட் திறக்கும் நேரமும் மூடும் நேரமும் மாதத்துக்கு மாதம் மாறும். குளிர்காலத்தில் மாலை ஐந்தரைக்கே மூடிவிடுவார்கள். தாமதமாக வந்தால் அதற்கும் அபராதம். காரை விட்டு இறங்கக் கூடாது, கதவைத் திறக்கக் கூடாது, கூரை ஜன்னல் வழியே எழுந்து நிற்கக் கூடாது. முகாம்கள், பிக்னிக் இடங்கள், பறவைகளை ஒளிந்திருந்து பார்க்கும் மறைவிடங்கள், பலகை வைத்த சில பார்வை முனைகள், இங்கெல்லாம் மட்டும் இறங்கலாம்.

சிங்கம் வந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம். காரையும் உள்ளே இருக்கும் ஆட்களையும் அது ஒரே பெரிய பொருளாகத்தான் பார்க்கிறது. ஜன்னலுக்கு வெளியே கையோ தலையோ நீண்டால்தான் அந்தக் கணக்கு மாறும். கண்ணாடியை ஏற்றிவிட்டு, எஞ்சினை நிறுத்தி, சத்தம் போடாமல் இருங்கள். பெரும்பாலும் அது உங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கார் நிழலில் நடந்து போய்விடும்.

அப்ப சிங்கம் கண்டிப்பா தெரியுமா? எங்க போய் நிக்கணும்?

கண்டிப்பு கிடையாது, ஆனால் வாய்ப்பைக் கூட்டிக்கொள்ளலாம். சிங்கம் ஒரு நாளில் 20 மணி நேரம் வரை படுத்தே கிடக்கும். அது எழுந்து நடமாடும் நேரத்தில் நீங்களும் வெளியே இருக்க வேண்டும். விடியற்காலை கேட் திறக்கும்போது வரிசையில் முதல் சில கார்களில் ஒன்றாக நில்லுங்கள். ஜூன், ஜூலையில் அந்த நேரத்துக் குளிர் பல்லைக் கிட்டிக்க வைக்கும். ஸ்வெட்டர், குல்லா, பிளாஸ்க்கில் காபி எல்லாம் வேண்டும். சதாரா முகாமைச் சுற்றிய புல்வெளி சிங்கத்துக்குப் பேர்போனது. அங்கே எஸ்100 மண் சாலையை விடியலில் விட்டுவிடாதீர்கள். சிறுத்தைக்கு, ஸ்குகூசா முகாமிலிருந்து லோயர் சாபி முகாம் வரை ஆற்றோரமாகப் போகும் எச்4-1 சாலை. படுக்கையாகப் போகும் தடித்த கிளைகளைப் பாருங்கள். இலைக்கு நடுவில் வால் தனியாகத் தொங்கும், முதலில் கண்ணில் படுவது அதுதான்.

மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போனால் எதுவும் தெரியாது. புதரைப் பார்க்காதீர்கள், புதரின் இடைவெளி வழியே பின்னால் பாருங்கள். பத்து இம்பாலா மான்கள் மேய்வதை நிறுத்திவிட்டு ஒரே திசையில் காது நிமிர்த்தி நின்றால், அந்தத் திசையில் எதுவோ இருக்கிறது. தும்மல்போல் ஒரு சீறலும் கேட்டால் நிச்சயம். ஒட்டகச்சிவிங்கிக்கு உயரம் உதவுகிறது. அது அசையாமல் ஒரு பக்கமே வெறித்தால் நானும் எஞ்சினை நிறுத்திவிடுவேன். பட்ட மரத்தில் பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டமாக உட்கார்ந்திருந்தால் கீழே இரை கிடக்கலாம்.

அப்புறம், எதிரில் வரும் காரை நிறுத்தி 'என்ன பார்த்தீங்க?' என்று கேட்பது இங்கே வழக்கம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். முகாம் வரவேற்பறையில் ஒரு வரைபடப் பலகை இருக்கும். அன்றும் முந்தின நாளும் எந்த விலங்கு எங்கே தெரிந்தது என்று அதில் குத்தி வைத்திருப்பார்கள். இரவில் நாம் கார் எடுக்கக் கூடாது, ஆனால் பூங்காவின் வண்டியிலேயே வனக் காவலரோடு இரவுச் சவாரி போகலாம். புனுகுப்பூனை, மரநாய்க் குடும்பத்து ஜெனட், ஆந்தைகள் எல்லாம் அப்போதுதான் தெரியும்.

யானை ரோட்டை மறிச்சுட்டு நின்னா? இதுதான் எனக்குப் பெரிய பயம்.

இந்தப் பயம் நியாயமானது. க்ரூகரில் சிங்கத்தைவிட யானையிடம்தான் அதிகக் கவனம் வேண்டும். தூரத்தில் யானையைப் பார்த்ததுமே நின்றுவிடுங்கள். பின்னோக்கிப் போக இடம் இருக்கும்படி நில்லுங்கள். உங்கள் பின்னால் வரும் கார் ஒட்டி நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மற்ற விலங்குகளைப் பார்க்கும்போது எஞ்சினை நிறுத்தச் சொன்னேன், யானையிடம் ஓடிக்கொண்டே இருக்கட்டும். ஹாரன் அடிக்கவே கூடாது. தாய்க்கும் குட்டிக்கும் நடுவில் காரை விடக் கூடாது. குட்டி சாலையின் இந்தப் பக்கம் தெரிந்தால் தாய் அந்தப் பக்கம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

முதுமலைப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு மதம் பிடித்த ஆண் யானையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. இங்கேயும் அடையாளம் அதேதான். கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் ஈரமாகக் கறுத்த கோடு வழியும். பின்னங்கால்களின் உள்பக்கம் சிறுநீர் சொட்டிச் சொட்டி நனைந்திருக்கும். காற்று உங்கள் பக்கம் வீசினால் கடுமையான நெடி வரும். மதநீர்க் கோடு மட்டும் தெரிந்தால் அதை மதம் என்று சொல்லிவிட முடியாது. ஆப்பிரிக்கப் பெண் யானைக்கும் அது வழியும், தந்தமும் இரண்டு பாலுக்கும் உண்டு. கால் நனைந்த ஆண் யானை என்றால் பேசாமல் பின்னோக்கிப் போய்விடுங்கள், அது எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் சரி. காதை அகல விரித்துத் தலையை உதறுவது எச்சரிக்கை. அதைப் பார்த்தபின் படம் எடுக்க நிற்காதீர்கள். ஒரு மணி நேரம் சாலையை மறித்தால் ஒரு மணி நேரம் காத்திருங்கள். கேட் மூடும் நேரத்துக்கு முன்கூட்டியே திரும்பச் சொல்வது இதற்காகவும்தான்.

பிக் ஃபைவ் எல்லாத்தையும் பாத்தாதான் பாத்த மாதிரியா?

சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், காட்டெருமை ஆகிய ஐந்தும் அந்தக் காலத்து வேட்டைக்காரர்கள் போட்ட பட்டியல். நடந்துபோய்ச் சுட எது ஆபத்து என்பதுதான் அவர்கள் கணக்கு. அழகோ அரிதான தன்மையோ அதில் இல்லை. காட்டுநாய்க் கூட்டம் அந்தப் பட்டியலில் இல்லை, ஆனால் சிங்கத்தைவிட அதைப் பார்ப்பதுதான் அரிது. சிவப்புக் கழுத்துப் பையோடு தரையில் நடந்து திரியும் பெரிய தரை இருவாச்சி, சாலையில் யானைச் சாணத்தை உருட்டிப் போகும் வண்டு, இரண்டையும் நின்று பாருங்கள். அட்டோ பூங்காவில் சாண வண்டுக்குத்தான் முதல் வழி என்று பலகையே வைத்திருக்கிறார்கள். ஸ்குகூசாவுக்குப் பக்கத்தில் லேக் பேனிக் என்ற மறைவிடம் இருக்கிறது. அங்கே ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்தால் மீன்கொத்தி, நாரை, முதலை, நீர்யானை எல்லாம் உங்கள் முன்னால் அன்றாட வேலையைப் பார்க்கும்.

காண்டாமிருகம் போட்டோ இன்ஸ்டாவில போட்டேன், ஒருத்தர் வந்து லொகேஷனை எடுன்னு திட்டுறார். ஏன்?

அவர் சொன்னது சரி. உடனே எடுத்துவிடுங்கள். கொம்புக்காக இங்கே காண்டாமிருகங்களைக் கொல்கிறார்கள். 2014-ல் தென்னாப்பிரிக்காவில் மட்டும் 1,215 கொல்லப்பட்டன. 2024-ல் அது 420. குறைந்திருக்கிறது, ஆனாலும் அந்த ஆண்டிலும் சராசரியாக ஒவ்வொரு நாளும் ஒன்றுக்கு மேல். அந்தக் கொம்பு நம் நகம் எதனால் ஆனதோ அதே கெரட்டின்தான். பல இடங்களில் விலங்கை மயக்கி, கொம்பை அறுத்து விடுகிறார்கள். அது திரும்பவும் வளரும் என்பதால் சில ஆண்டுக்கு ஒருமுறை அறுக்க வேண்டும். கொம்பு மழுங்கிய காண்டாமிருகத்தைப் பார்த்தால் காரணம் அதுதான். படம் போடுவது தப்பில்லை. இடம், நேரம், சாலை எண் எதுவும் வேண்டாம்.

சிங்கக் குட்டியைக் கையில தூக்கி போட்டோ எடுக்கலாமாமே? பசங்க ஆசைப்படுறாங்க.

தயவுசெய்து போகாதீர்கள். அந்தக் குட்டியைத் தாயிடமிருந்து சில நாளிலேயே பிரித்துவிடுகிறார்கள். சில மாதத்தில் அது கையில் எடுக்க முடியாத அளவுக்கு வளர்ந்துவிடும். மனிதனுக்குப் பழகிய சிங்கத்தைக் காட்டில் விட முடியாது. இங்கே பண்ணைகளில் அடைத்து வளர்த்த சிங்கங்களை வேலிக்குள்ளேயே சுட விடும் வேட்டையும், எலும்பு வியாபாரமும் இருந்துவந்திருக்கின்றன. 'அனாதைக் குட்டி', 'பாதுகாப்புப் பணி' என்று பலகை வைத்திருப்பார்கள். அரசு அமைத்த நிபுணர் குழுவே 2021-ல் இந்தத் தொழிலை மூட வேண்டும் என்றுதான் சொன்னது. சிங்கத்தோடு நடைப்பயணம், யானைச் சவாரி இரண்டையும் இதே கணக்கில் வையுங்கள். நீங்கள் தொடக்கூடிய காட்டு விலங்கு என்றால் அங்கே ஏதோ தவறு நடக்கிறது.

நாங்க சுத்த சைவம். காட்டுக்குள்ள என்ன சாப்பிடுறது?

இங்கே வார இறுதி என்றாலே விறகு மூட்டி இறைச்சி சுடும் ப்ராய்தான், அதற்கு நடுவில் சைவம் கொஞ்சம் கஷ்டம். ஆனால் க்ரூகர் முகாம் குடில்களில் பெரும்பாலும் வெளித் திண்ணையில் அடுப்பும் ஃபிரிட்ஜும் சுடும் மேடையும் இருக்கும். காட்டுக்குள் நுழைவதற்கு முன் நெல்ஸ்பிரைட்டில், இப்போது ம்பொம்பேலா என்று பெயர், ஏதாவது சூப்பர்மார்க்கெட்டில் அரிசி, பருப்பு, காய், தயிர் எல்லாம் வாங்கிக்கொள்ளுங்கள். சமைத்துச் சாப்பிட்டால் செலவும் பாதி. மக்காச்சோள மாவில் கிண்டும் பாப் இங்கே அன்றாட உணவு, நம் களிதான். அதோடு தக்காளி, பீன்ஸ், மிளகாய் போட்ட சகலகா சேர்த்துச் சாப்பிட்டுப் பாருங்கள், நம் நாக்குக்கு ஒத்துப்போகும். சீஸ், தக்காளி, வெங்காயம் வைத்துத் தணலில் வாட்டும் ரொட்டியும் உண்டு. இறைச்சி சுட்ட கம்பி வேண்டாம் என்றால் தனியாக ஒன்று வாங்கி வந்துவிடுங்கள்.

சமைத்த மிச்சத்தைத் திண்ணையில் விடாதீர்கள். வெர்வெட் குரங்கும் பபூனும் பகலில் வரும், தேன்வளைக்கரடி இரவில் குப்பைத் தொட்டியைக் கவிழ்க்கும். ஃபிரிட்ஜுக்குப் பூட்டு இருப்பது அதனால்தான். வேலிக்கு அந்தப் பக்கம் கழுதைப்புலி வந்து நின்று உங்களையே பார்க்கும். எலும்பு, ரொட்டி எதையும் வீசக் கூடாது. மனிதன் கையால் தின்னப் பழகிய விலங்கை, ஆபத்தானது என்று கடைசியில் சுட வேண்டியதாகிறது.

ஜோகன்னஸ்பர்க்ல இறங்கினதுமே கொள்ளையடிச்சிடுவாங்களாமே?

குற்றம் அதிகம்தான், அதை மறைக்க மாட்டேன். இங்கே வாழ்கிறவர்கள் பயந்துகொண்டு வாழவில்லை, சில பழக்கங்களோடு வாழ்கிறார்கள். சிக்னலில் கண்ணாடியை ஏற்றியே வைத்திருப்பார்கள். கைப்பை, போன் எதுவும் சீட்டில் தெரியாது, டிக்கியில் இருக்கும். தெருவில் நடந்துகொண்டே போனைப் பார்க்க மாட்டார்கள். ஏடிஎம்மில் யார் உதவ வந்தாலும் வேண்டாம் என்பார்கள். இருட்டிய பின் நெடுஞ்சாலையில் ஊர் விட்டு ஊர் போக மாட்டார்கள்.

ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து க்ரூகருக்கு என்4 நெடுஞ்சாலையில் சுமார் 400 கிலோமீட்டர். காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் மலலானே வாசல். விமானம் மாலையில் இறங்கினால் அன்று இரவு ஏர்போர்ட் பக்கமே தங்கிவிடுங்கள். போனில் வரைபடம் காட்டும் குறுக்கு வழிகளை நம்பிச் சின்னச் சாலையில் இறங்க வேண்டாம். செல்போனிலிருந்து அவசர எண் 112, போலீஸ் 10111.

பெட்ரோல் பங்க், பார்க்கிங்னு எங்க பாத்தாலும் ஆள் நிக்கிறாங்க. யாருக்கு எவ்வளவு குடுக்கணும்?

பெட்ரோலை நாமே போட்டுக்கொள்ள இங்கே சட்டம் இடம் தரவில்லை. ஊழியர்தான் போடுவார், கண்ணாடியும் துடைப்பார். அவருக்கு ஐந்து, பத்து ராண்ட். மின்னும் மேல்சட்டை போட்டுக் கார்களைப் பார்த்துக்கொள்கிறவருக்கும் அதே அளவு, திரும்பி வந்து கிளம்பும்போது. ஓட்டலில் பில்லில் பத்து சதவீதத்துக்குக் குறையாமல். வேலையில்லாத் திண்டாட்டம் மிகக் கடுமையாக உள்ள நாடு இது. பலருக்கு அன்றைய அடுப்பு எரிவது அந்தச் சில்லறையில்தான்.

காசைவிட முக்கியம் ஒன்று. யாரிடமும் நேராக விஷயத்துக்குப் போகாதீர்கள். கடையிலும் சரி, காட்டு வாசலிலும் சரி, முதலில் வணக்கம், எப்படி இருக்கிறீர்கள், பதில், திரும்ப அவர் கேட்பது, அப்புறம்தான் வேலை. ஜுலு பேசுகிறவரிடம் 'சாவுபோனா' என்று சொல்லிப் பாருங்கள், முகமே மாறும். வணக்கம் சொல்லாமல் கேள்வி கேட்பது இங்கே மரியாதைக் குறைவு.

இன்னும் கரண்ட் கட் இருக்கா? நம்ம சார்ஜர் அங்க சேருமா?

2023-ல் நாளுக்குப் பல மணி நேரம் மின்வெட்டு இருந்தது. 2024 மார்ச் கடைசியிலிருந்து நிலைமை வெகுவாகத் தேறிவிட்டது, 2025-ன் முற்பகுதியில் சில நாள் மட்டும் திரும்ப வந்தது. பழைய மூன்று முனைப் பெரிய பிளக்தான் இன்னும் பல இடங்களில். நம் வீட்டு கீசர், ஏசிக்கு இருக்கும் 15 ஆம்ப் பிளக் அதில் அப்படியே சேரும். போன் சார்ஜருக்கு ஊரிலேயே ஒரு மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள்.

நமீபியாவுக்கு சாதாரண கார் போதுமா, 4x4 தான் வேணுமா?

எட்டோஷா பூங்காவுக்கும் சிவப்பு மணல் குன்றுகளுக்கும் சாதாரண காரில் போகிறவர்கள் உண்டு. உயரமான வண்டி இருந்தால் உடம்புக்கு நல்லது. பெரும்பாலான சாலைகள் சரளை மண். அதில் 80-க்கு மேல் ஓட்டி, வளைவில் பிரேக் அடித்து, வண்டி உருண்டு போவதுதான் அங்கே சுற்றுலாப் பயணிகளுக்கு நடக்கும் விபத்து. டயர் காற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள், ஸ்டெப்னி நல்லதாக இருக்கிறதா என்று வண்டி எடுக்கும்போதே பாருங்கள். பெட்ரோல் பங்க் தெரிந்தால் டேங்க்கை நிரப்புங்கள். தென்னாப்பிரிக்க ராண்ட் அங்கே அப்படியே செல்லும், நமீபிய டாலர் இங்கே செல்லாது.

சிவப்பு மணல் குன்றுகள் இருக்கும் சோசஸ்வ்லேயில் கடைசி ஐந்து கிலோமீட்டர் வெறும் மணல். அங்கே பூங்காவின் வண்டியில் ஏறிக்கொள்ளுங்கள். செஸ்ரியம் வாசலுக்கு உள்ளே தங்கினால் சூரியன் உதிக்கும் முன்பே குன்றுகளுக்குக் கிளம்ப விடுவார்கள், வெளியே தங்கினால் உதித்த பின்தான். எட்டோஷாவில் ஒக்காக்குவேயோ முகாமில் தங்குங்கள். அங்கே குட்டைக்கு இரவு முழுக்க விளக்கு எரியும், கறுப்புக் காண்டாமிருகம் தண்ணீர் குடிக்க வருவதை பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கலாம்.

விக்டோரியா ஃபால்ஸ் ஜிம்பாப்வே பக்கமா, ஜாம்பியா பக்கமா?

ஒரே பக்கம்தான் என்றால் ஜிம்பாப்வே. 1,708 மீட்டர் அகலத்தில் பெரும்பகுதி அங்கிருந்துதான் நேர் எதிரே தெரியும். ஆனால் மேலே மே மாதம் பற்றிக் கேட்டவர்கள் கவனிக்கவும். ஏப்ரல், மே மாதங்களில் தண்ணீர் உச்சத்தில் இருக்கும். சாரல் புகையாக எழுந்து அருவியையே மறைத்துவிடும், நனைந்ததுதான் மிச்சம் என்றும் ஆகலாம். ஜூலை, ஆகஸ்ட் நடுத்தரம், எனக்குப் பிடித்தது அதுதான். அக்டோபர், நவம்பரில் ஜாம்பியா பக்கம் வெறும் பாறைச் சுவராக நிற்கும். விசா பற்றிச் சொன்னதை இங்கே மறக்க வேண்டாம். வாடகைக் காரை எல்லை தாண்டி எடுத்துப் போனால் கார் நிறுவனத்தின் அனுமதிக் கடிதமும் வேண்டும்.

ஒகவாங்கோவில மழையே இல்லாத மாசத்துல வெள்ளம் வருதாமே, எப்படி?

மழை பெய்வது அங்கோலா மலைகளில், ஜனவரி, பிப்ரவரி வாக்கில். நிலம் தட்டையாக இருப்பதால் அந்தத் தண்ணீர் மெல்ல நகர்ந்து, ஜூன் முதல் ஆகஸ்ட்டுக்குள்தான் போட்ஸ்வானாவின் டெல்டாவை நிறைக்கிறது. சுற்றிலும் கலஹாரி காய்ந்து கிடக்கும் நேரம் அது. அதனால்தான் அத்தனை விலங்கும் அங்கே கூடுகிறது. இந்த ஆறு கடலைச் சேர்வதே இல்லை, மணலிலும் வெயிலிலும் முடிந்துவிடுகிறது. 2014-ல் யுனெஸ்கோ பட்டியலில் 1,000-ஆவது இடமாக இதைச் சேர்த்தார்கள். மோகோரோ என்னும் ஒடுங்கிய படகில் கழி ஊன்றிச் செலுத்துகிறவர் சொல்வதைக் கேளுங்கள். நீர்யானை எந்த வாய்க்காலில் இருக்கும் என்று அவருக்குத்தான் தெரியும்.

கேப் டவுன்ல டேபிள் மவுண்டன் மூடியிருந்தா?

காற்று பலமாக இருந்தால் அந்த மலைமேல் ஏற்றிப் போகும் கேபிள் கார் ஓடாது. முதல் நாளே வானம் தெளிவாக இருந்தால் அன்றே ஏறிவிடுங்கள், கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். போல்டர்ஸ் கடற்கரையில் பென்குயின்களை மரப்பாலத்திலிருந்து மட்டும் பாருங்கள். இந்த ஆப்பிரிக்கப் பென்குயின் 2024-ல் மிக மோசமாக அழியும் நிலையில் உள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. கண்டத்தின் தென்முனை நன்னம்பிக்கை முனை இல்லை, இன்னும் தென்கிழக்கே இருக்கும் அகுல்ஹாஸ் முனை. தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழியுங்கள். 2018-ல் ஆளுக்கு நாளுக்கு 50 லிட்டர் என்று அளந்து வாழ்ந்த ஊர் அது.

டர்பன்ல எல்லாரும் தமிழ் பேசுவாங்களா?

அப்படி எதிர்பார்த்துப் போகாதீர்கள். 1860 நவம்பர் 16-ல் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் 342 பேரோடு டர்பனில் கரை சேர்ந்தது. 1911 வரை சுமார் 1,52,000 பேர் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக, பெரும்பாலும் கரும்புத் தோட்டங்களுக்கு, வந்தார்கள். இன்று அவர்களின் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகளுக்கு வீட்டு மொழி ஆங்கிலம். கவண்டர், பிள்ளே, மூட்லி, நாயுடு என்று பெயர்கள் இருக்கும். தேவாரமும் மாரியம்மன் பாட்டும் ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துப் பாடுவார்கள். தைப்பூசக் காவடியையும் தீமிதியையும் விடவே இல்லை. 'தமிழ் தெரியாதா?' என்று கேட்டுவிடாதீர்கள். பள்ளியிலும் வேலையிலும் அந்த மொழிக்கு இடமே இல்லாமல் தலைமுறைகள் போன பிறகும் இவ்வளவையும் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். ரொட்டியைக் குடைந்து குழம்பு ஊற்றித் தரும் பன்னி சௌ அங்கே கட்டாயம். சைவக்காரர்களுக்கு பீன்ஸ் போட்டது கிடைக்கும்.

ஜோகன்னஸ்பர்க்கில் நேரம் இருந்தால் பிராம்ஃபான்டைன் இடுகாட்டுக்குப் போங்கள். சத்தியாகிரகத்தில் சிறை சென்று, 1914-ல் 16 வயதில் உயிர்விட்ட தில்லையாடி வள்ளியம்மையின் கல்லறை அங்கேதான் இருக்கிறது.

மக்களை வெளியே தள்ளிட்டு மிருகத்துக்கு வேலி போட்டுக் குடுத்திருக்காங்க. அதை நாம காசு குடுத்துப் பாக்குறது நியாயமா?

இதைக் கேட்டவர் ஒரு கல்லூரி மாணவி. கேட்க வேண்டிய கேள்விதான். க்ரூகரின் வடகோடியில் லிம்போபோ, லுவுவு ஆறுகளுக்கு நடுவே மகுலேகே மக்கள் வாழ்ந்தார்கள். 1969-ல் இனஒதுக்கல் அரசு அவர்களைத் துப்பாக்கி முனையில் வெளியேற்றி, அந்த நிலத்தைப் பூங்காவோடு சேர்த்துக்கொண்டது. தங்கள் வீடுகளைத் தாங்களே கொளுத்த வேண்டியிருந்தது. பூங்காவுக்குள்ளும் கறுப்பின மக்கள் நெடுங்காலம் பலூலே என்ற சின்ன முகாமில் மட்டும்தான் தங்க முடிந்தது. அந்த முகாம் இன்றும் இருக்கிறது, இன்றும் மின்சாரம் கிடையாது.

ஜனநாயகம் வந்த பிறகு மகுலேகே மக்கள் உரிமை கோரி 1998-ல் நிலத்தைத் திரும்பப் பெற்றார்கள். திரும்பக் குடியேறவில்லை. காடாகவே வைத்து, விடுதிகளுக்குக் குத்தகைக்கு விட்டு, அந்த வருமானத்தைத் தங்கள் ஊர்களுக்குக் கொண்டுபோகிறார்கள். எல்லாக் கணக்கும் அதோடு தீர்ந்துவிடவில்லை. வேலியை ஒட்டிய கிராமங்களில் யானை புகுந்து சோளத்தை அழிப்பதும், சிங்கம் மாட்டை அடிப்பதும் இன்றும் நடக்கிறது. காட்டுக்குள் புரளும் பணத்தில் அவர்களுக்கு வருவது கொஞ்சம்தான். அதனால் போகாதே என்று நான் சொல்ல மாட்டேன். போகிறவர்கள் எங்கே செலவழிக்கிறோம் என்று பார்க்கலாம். வாசலுக்கு வெளியே கிராமத்துப் பெண்கள் விற்கும் பழத்தையும் கைவினைப் பொருளையும் வாங்குங்கள். உள்ளூர் வழிகாட்டியை அமர்த்துங்கள். ஒரு வாரம் கையில் இருந்தால் தெற்கு முகாம்களோடு நிற்காமல் வடக்கே பஃபூரி வரை ஓட்டிப் போங்கள். அங்கே மஞ்சள் நிறப் பட்டை கொண்ட, 'காய்ச்சல் மரம்' என்று அழைக்கப்படும் மரங்களின் காடும் பாவோபாப் மரங்களும் இருக்கின்றன. சிங்கம் குறைவு, கூட்டமும் குறைவு. மகுலேகே நிலத்தில் நடைச் சவாரிக்கு அழைத்துப் போகும் விடுதிகளும் அந்தப் பக்கம்தான்.